மணவறைப் படத்துக்கு ஒரு அம்புக்குறி

எட்டாவதோடு படிப்பு நின்றது. உடையார்பாளையத்தில் பந்தல், பாத்திர வாடகைக் கடை வைத்திருக்கிறேன். போன வருசம் கடைக்கு ஒரு ஆப் செய்தேன். நானே செய்தேன். வீடியோவில் பார்த்து, கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக இழுத்துச் சேர்ப்பது.

முதல் பக்கத்தில் மணவறை, அண்டா, நாற்காலி, மைக்செட் என்று சின்னப் படங்கள். தொட்டால் பெரிதாகத் திறக்கும். பிடித்திருந்தால் ‘வேண்டும்’ என்பதை அமுக்கலாம். கடைசியில் அனுப்பினால் என் போனில் மணி அடிக்கும்.

அடிக்கவே இல்லை. ஊரில் பலரும் போனில் ஏற்றிக்கொண்டார்கள். கல்யாணம் என்றால் நேரில்தான் வந்தார்கள்.

“எஞ்சினியர் சார், மணி அடிச்சுதா?” என்பாள் மனைவி.

ஒரு நாள் காலையில் மீன்சுருட்டியிலிருந்து ஒரு அக்கா கூப்பிட்டார். முந்திரித் தோப்புக்காரர். மகளுக்குக் கல்யாணம்.

“தம்பி, உன் ஆப்புலதான் பாத்துக்கிட்டு இருக்கேன். அண்டா எடுத்துட்டேன். மணவறை படத்துல நிக்கிது. இது வேணாம், வேற பாக்கணும். எப்புடித் திரும்புறது?”

ஆப்பில் சாமான் எடுக்கிற முதல் ஆள்.

“மேல செவப்பா பெருக்கல் குறி இருக்குங்கக்கா. அத அமுக்குங்க.”

“அது தெரியுது. பொண்ணு கல்யாண மணவறை மேல பெருக்கல் போடச் சொல்றியா? நீ போடுவியா ஒம் பொண்ணுக்கு?”

அந்தக் குறி நான் வைத்தது இல்லை. வாங்கின மாதிரிப் பக்கத்திலேயே இருந்தது. நானும் விட்டுவிட்டேன். பந்தல் தொழிலில் இருந்துகொண்டு இது தெரியாமல் போயிற்று. முகூர்த்தக்கால் நடும்போது ஒருவர் தும்மினாலே நின்று, கொஞ்சம் கழித்து நடுகிற ஊர் இது.

ஓரத்திலிருந்து விரலை இழுத்தாலும் திரும்பும் என்றேன். இழுத்துப் பார்த்தார். படம்தான் ஆடுது என்றார்.

“சாயங்காலம் பஸ்ஸுக்கு ஜெயங்கொண்டம் போறோம் தம்பி. அங்க ஒரு கடையில ஆல்பம் காட்டுறாங்களாம்.”

“அதுக்குள்ள சரி பண்ணிர்றேங்கக்கா.”

போனை வைத்துவிட்டேன். “வாய்ல சொன்னா ஆவாதா? இத்தன வருசம் எப்புடி வாங்குனீங்க?” என்றாள் மனைவி. ஆகும்தான். ஆனால் முதல் கல்யாணம் அந்த மணியடித்துத்தான் வர வேண்டும் என்று எனக்கு ஆசை.

உட்கார்ந்தேன். சிவப்பை எடுத்தேன். இடது மூலையில் ஒரு பட்டன் வைத்தேன். அதில் அம்புக்குறி. பச்சை. அமுக்கினால் முதல் பக்கத்தைத் திற என்று கட்டத்தைச் சேர்த்தேன். திறந்தது! எழுந்து நின்றுவிட்டேன். மனைவி கையில் போனைக் கொடுத்தேன்.

அண்டா எடுத்தாள். மணவறைக்குள் போனாள். அம்பை அமுக்கினாள்.

“நான் எடுத்த அண்டா எங்கங்க?”

இல்லை. எல்லாம் காலி. புதுசாக ஒரு முதல் பக்கம் திறந்திருக்கிறது. பழையது அதற்கடியில் கிடக்கிறது.

மத்தியானச் சோறு ஆறியது. பிறகு பிடிபட்டது. சாமான் அறைக்குள் போனவன் பந்தலுக்குத் திரும்ப, இன்னொரு பந்தல் போடுவானா? அறையை விட்டு வெளியே வந்தால் போதும். ‘முதல் பக்கத்தைத் திற’ கட்டத்தைத் தூக்கினேன். ‘இந்தப் பக்கத்தை மூடு’ வைத்தேன்.

அமுக்கினேன். வந்தது. அண்டா இருந்தது. உள்ளே போனேன், வந்தேன். மறுபடி போனேன், வந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. நான் லேசில் சிரிக்கிறவன் இல்லை.

“போதும். பட்டன் தேஞ்சிரும்” என்றாள். அவளும் அமுக்கிப் பார்த்தாள்.

புதுசை அந்த அக்கா போனில் ஏற்றித் தர வேண்டும். வண்டியை எடுத்தேன். ஜெயங்கொண்டத்தில் டீக்கு நிற்கவில்லை.

வாசலில் முந்திரிக்கொட்டை காய்ந்தது. அந்த அக்கா சேலை மாற்றி, கைப்பையோடு நின்றார். மகள் செருப்பு மாட்டியிருந்தாள்.

“ஒரு நிமிசங்கக்கா.”

“பஸ்ஸு வந்துரும் தம்பி.”

ஏற்றிக் கொடுத்தேன். மணவறையைத் தொட்டார். மேலே தேடினார்.

“செவப்பு எங்க?”

“எடுத்துட்டேன்.”

அம்பை அமுக்கி முதல் பக்கத்துக்குத் திரும்பினார். இன்னொரு மணவறை. திரும்பினார். மகள் தோள்மேல் எட்டிப் பார்த்தாள். “அம்மா, அந்தத் தாமர போட்டது.”

“இருடி. வெரலு இப்பத்தான் பழவுது.”

பஸ் ஹாரன் கேட்டது. அவர் தலை நிமிரவில்லை. மகள் செருப்பைக் கழற்றினாள்.

என் சட்டைப் பையில் மணி அடித்தது. எதிரிலேயே நிற்கிறார், ஆனாலும் எடுத்துப் பார்த்தேன். தாமரை மணவறை, அண்டா, நாற்காலி, மைக்செட். எல்லாம் இருந்தது.

மனைவிக்குப் போன் போட்டேன். “அடிச்சிருச்சு.”

“சரி சரி, சீக்கிரம் வாங்க. அண்டா வெளக்க ஆளு சொல்லணும்” என்றாள். குரல் சிரித்தது.