என் மகள் எடை குறைந்த வாரம்

என் மகள் பிறந்த ஐந்தாம் நாள் அழுவதை நிறுத்திவிட்டாள். பிள்ளைகளே, குழந்தை அழாவிட்டால் நல்லதுதானே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் காலையில் கட்டிய துணி மதியம் வரை நனையவே இல்லை. அப்போதுதான் பயம் பிடித்தது.

என் மனைவி ரெஜினாவுக்குப் பால் சரியாகச் சுரக்கவில்லை. மார்போடு அணைத்தால் குழந்தை இரண்டு வாய் சப்பும், உடனே தூங்கிப்போகும்.

அது ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலம். நான் சேதராப்பட்டு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவன். அதிகம் படிக்கவில்லை. பயம் வந்தால் எனக்குத் தெரிந்தது நேர்ச்சை ஒன்றுதான். மாதா படத்துக்கு முன் நின்று, "பால் சுரக்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் ஒருசந்தி இருக்கிறோம்" என்று நேர்ந்துகொண்டேன். ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரே வேளைச் சாப்பாடு. நான் அதையும் கடுமையாக்கினேன். பொழுது சாயும்வரை தண்ணீர்கூட வேண்டாம் என்றேன். ரெஜினாவின் சம்மதத்தை நான் கேட்கவே இல்லை. அவள் "சரிங்க" என்று மட்டும் சொன்னாள்.

இருந்த பாலும் குறைந்தது. "நம்ம விசுவாசம் பத்தலியா?" என்று அவள் அழுதாள்.

ஏழாம் நாள் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குழந்தைக்குப் பிறந்தபோது இருந்த எடைகூட இல்லை. "ரெண்டு நாள்ல எடை ஏறணும். இல்லன்னா அட்மிட் பண்ணிடலாம்" என்றார் டாக்டரம்மா. வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, எங்கே தப்பு என்று காட்டும்" என்று செபித்தேன்.

நான் உள்ளே போனேன். வயதான நர்ஸ் ஒருவர் ரெஜினாவின் உதட்டைப் பார்த்தார். அது வெடித்திருந்தது.

"காலைல இன்னா சாப்ட்ட?"

"ஒண்ணும் இல்லக்கா. ஒருசந்தி."

"யாரு சொன்னா?"

ரெஜினா என்னைப் பார்த்தாள். நர்ஸ் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்ப்பா, நானும் மாதா கோயிலுக்குப் போறவதான். பால் குடுக்குறவளுக்கு ஒருசந்தி கெடையாதுன்னு சாமியாரே சொல்லுவாரே! நீ வேணா ஈஸ்டர் வரைக்கும் பட்டினி கெட. இவ வயித்துக்கு ஏன் பூட்டு போட்ட? போ, கேண்டீன்ல கஞ்சி வாங்கியா!"

வெட்கத்தில் தலை குனிந்து ஓடினேன். கஞ்சி வாங்கி வந்தபோது நர்ஸ், குழந்தையின் வாய் நன்றாகத் திறந்து மார்பைப் பிடிக்கும்படி வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். "தூங்குனா உள்ளங்கால வருடு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ குடு" என்றார்.

அந்த இரண்டு நாளும் நான் வேலைக்குப் போகவில்லை. காலாப்பட்டில், தாய்ப்பால் ஊறும் என்று சொல்கிற பால்சுறா மீன் வாங்கி வந்து, நானே புட்டு செய்தேன். உப்பு அதிகம். ஆனாலும் ரெஜினா முழுவதையும் சாப்பிட்டாள். பால் கொடுத்த ஒவ்வொரு தடவையும் குழந்தையின் துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். முதல் நாள் மூன்று தடவை நனைந்தது. மறுநாள் ஆறு. ஒன்பதாம் நாள் தராசில் எடை ஏறியிருந்தது. "அட்மிஷன் வேணாம்" என்றார் டாக்டரம்மா. நான் அங்கேயே முழங்காலில் விழுந்து அழுதேன்.

பிள்ளைகளே, என் செபத்துக்கு ஆண்டவர் ஒரு நர்ஸின் திட்டு வழியாகப் பதில் கொடுத்தார். இப்போது எந்த நேர்ச்சைக்கும் முன்னால் ரெஜினாவைக் கேட்கிறேன். நீங்களும் பயப்படும்போது ஆண்டவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவர் சொல்வதற்கும் காது கொடுங்கள். ஆண்டவர் கைவிடமாட்டார். என் மகள் இப்போது தவழ்கிறாள். அழுதால் தெருவே திரும்பிப் பார்க்கிறது. ஆண்டவருக்கு நன்றி.