ஆறிப்போன கோட்டு

துப்பாக்கிச் சத்தத்துக்கே அசராத மனிதர் ஆவூர் பங்கிராஸ். அவருக்குப் பயமெல்லாம் ஆறிப்போன கோட்டுக்குத்தான்.

பட்டாளத்தில், பனிமலைக் காவலுக்கு எல்லாருக்கும் சேர்த்து ஒரே கம்பளிக் கோட்டு. காவல் முடிந்தவன் அதைக் கழற்றி அடுத்தவன் தோளில் போடுவான். அவன் உடம்புச் சூடு அப்படியே வந்து ஒட்டிக்கொள்ளும். அந்தச் சுகத்தை இன்றைக்கும் சொல்லி மாளாது அவருக்கு. ஒரு விடியற்காலை மட்டும் கோட்டு ஆணியில் சில்லிட்டுத் தொங்கியது. காவல் முடிந்து, அடுத்த முறைக்காரரான இவருக்காக அதைக் கழற்றி மாட்டிவிட்டு, தேநீருக்குப் பனி அள்ள இறங்கிய சிநேகிதன் திரும்பவே இல்லை.

போன வாரம் மனைவி வியாகுலமேரிக்குக் குளிர்சுரம். ஓய்வு பெற்றபோது கேட்டு வாங்கிவந்த அந்தக் கோட்டை அவளுக்குப் போர்த்திவிட்டு, இலுப்பூருக்கு மாத்திரை வாங்கப் போனார். திரும்பி வந்தால் கட்டிலில் கோட்டு மட்டும் கிடக்கிறது. அடுப்படியிலும் அவளைக் காணோம். தொட்டுப் பார்க்கக் கை எழவில்லை. "மாதாவே" என்று கண்ணை மூடிக்கொண்டு கோட்டுக்குள் கையை விட்டார்.

சூடு இருந்தது.

"ஏங்க, வந்துட்டீங்களா? கஞ்சி வைக்க வெறகு எடுக்கப் போனேன்" என்று கொல்லையிலிருந்து வந்தாள் அவள்.

உச்சிவெயிலில் அந்தக் கோட்டை மாட்டி, கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றார் பங்கிராஸ்.

"டூட்டிய நான் மாத்திக்கிட்டேன் மேரி. நீ போய்ப் படு."