கழித்துச் சொன்ன எண்

என்னோடு ஒரே ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டம் வாங்கியவன் இன்று மூளை ஆராய்ச்சியில் பெரிய ஆள். அவன் கட்டுரைகளைப் பிறர் தங்கள் கட்டுரைகளில் பதினோராயிரத்து நானூற்று ஆறு முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். தினமும் காலையில் காப்பிக்கு முன் கணினியில் பார்த்துவிடுவேன். என் எண் முப்பத்தொன்று. பதினான்கு மாதமாக முப்பத்தொன்று.

எலி தான் போன வழியை மூளையில் எங்கே வைத்துக்கொள்கிறது என்று இருவரும்தான் தேடத் தொடங்கினோம். அவன் வெளிநாடு போய்த் தேடினான். நான் சேலத்தில் கல்லூரி ஆசிரியனாகி, ஓய்வு பெற்று, ஏற்காட்டு மலையில் மஞ்சக்குட்டை கிராமத்தில் வீடு கட்டிக்கொண்டேன்.

போன கோடையில் அவன் ஏற்காட்டுக்கு வந்தான். ஒரு பள்ளியில் அவனுக்குப் பேச்சு. தலைமையாசிரியை என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஏனுங்க சார், உங்ககூடப் படிச்சவராமுங்களே. நீங்களே அறிமுகம் பண்ணிருங்க. அஞ்சு நிமிசம் போதுங்க."

உடனே ஒப்புக்கொண்டேன். காரணம் நட்பல்ல. பெரிய விஞ்ஞானிகள் தங்கள் பழைய கட்டுரைகளைத் தாங்களே மேற்கோள் காட்டுவார்கள். அதுவும் கணக்கில் சேரும். அவன் கட்டுரைகள் அத்தனையையும் எடுத்து, கடைசிப் பக்கங்களில் அவன் தன் பெயரையே போட்டுக்கொண்ட இடங்களைப் பென்சிலால் குறித்தேன். பத்தொன்பது நாள் ஆனது. ஆயிரத்து இருநூற்று நாற்பத்தாறு. ஒரே ஒரு தடவை, நாலு பேர் முன்னால், என் வாயால் அவன் எண் குறைய வேண்டும். அதுதான் என் ஆசை.

அரங்கில் நூற்று நாற்பது நாற்காலி, நூற்றுப் பன்னிரண்டு பேர். அவன் படிப்பு, வேலை, பரிசுகள் எல்லாம் சொல்லிவிட்டு, "அழைப்பிதழில் பதினோராயிரம் மேற்கோள் என்று போட்டிருக்கிறது. அதில் ஆயிரத்து இருநூற்று நாற்பத்தாறு அவரே அவருக்குக் கொடுத்துக்கொண்டது. கழித்துவிட்டுச் சொல்வதுதான் முறை" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. மூன்றாம் வரிசையில் ஒருவர் எழுந்தார். பக்கத்துத் தலைச்சோலை கிராமத்தில் காப்பித் தோட்டம் போட்டிருப்பவர். மகள் அந்தப் பள்ளியில் படிக்கிறாள்.

"ஏனுங்க, ஒண்ணு புரியலீங்க. மேற்கோளுன்னா என்னுங்க?"

"ஒருத்தர் புதுசா ஒண்ணு கண்டுபிடிக்கறார். இன்னார் முன்னாடி செஞ்சு வெச்சதாலதான் என்னால முடிஞ்சதுன்னு பேர் சொல்லி எழுதறார். அதுங்க."

"அப்ப நீங்க கழிச்சதுக்கு அப்புறமும் பத்தாயிரம் தடவை இவரு பேரைச் சொல்லியிருக்காங்களா? யப்பா! நொம்பப் பெரிய ஆளுங்க!"

அவர்தான் முதலில் கை தட்டினார். பிறகு அரங்கமே தட்டியது, இருபத்திரண்டு நொடி. விளக்கம் சொன்ன நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பேச்சு முடிந்து தேநீர் கொடுத்தபோது அவன் கோப்பையோடு என்னிடம் வந்தான்.

"டேய், உன் கணக்கு தப்பு."

"என்ன தப்பு? ஒவ்வொரு பக்கமாப் பார்த்தேன்."

"மாநாட்டுல வாசிச்ச கட்டுரை, அதையே அப்புறம் இதழ்ல போட்டது. கம்ப்யூட்டரு ரெண்டையும் ஒண்ணாத்தான் சேத்திருக்குது. நீ ரெண்டாக் கழிச்சிருக்கே. அந்தக் காலத்துல எலி மூளையைச் சீவிப் பாக்கறப்ப, அடுத்தடுத்த ரெண்டு சீவல்ல ஒரே நரம்பணு தெரிஞ்சா ஒரு தடவைதான் எண்ணணும்னு என்னை எத்தனை திட்டு திட்டியிருக்கே!"

"உனக்கெப்படித் தெரியும்?"

"நானும் கழிச்சுத்தான் பாத்துக்குவேன். உன்னுதையும் பாப்பேன். முப்பத்தொண்ணுல ஒண்ணுகூட நீயாப் போட்டுக்கிட்டது இல்லை."

இதில் ஆறுதல் அடைந்திருக்கலாம். அடையவில்லை. பதினோராயிரம் உள்ளவனுக்கு முப்பத்தொன்றை எட்டிப் பார்ப்பது பொழுதுபோக்கு. எனக்கு எஞ்சியிருந்த ஒரே பெருமை தப்பில்லாமல் எண்ணுவது. அதிலும் கை வைத்துவிட்டான்.

ஜீப்பில் வீட்டுக்கு வந்து காகிதங்களை மறுபடி பரப்பினேன். ஆறு நாள். அவன் சொன்னது சரி. ஐம்பத்தெட்டு இடங்களை இரண்டு தடவை கழித்திருந்தேன். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் தப்பான எண்ணோடு என்னால் தூங்க முடியாது. அவன் வெளிநாடு திரும்புவதற்குள் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"ஐம்பத்தெட்டு கூடுதலாக் கழிச்சிட்டேன். தப்பு என்னுதுதான்."

"ஐம்பத்தெட்டா? எனக்கு அறுபத்தொண்ணு வந்துதே."

"ரெண்டு தடவை சரிபார்த்தேன். ஐம்பத்தெட்டுதான்."

"இரு, பாக்கறேன்" என்றான். அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.