ஆடாத பிளேட்டும் ஆடிய பிளேட்டும்

ஸ்டூடியோ வாசலில் இருந்த கண்ணாடிப் பெட்டியை ஒரு பெண் உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தாள். உடைத்துவிடப் போகிறாளே என்று ஓடினேன்.

"தம்பி, இந்தப் படத்துல நிக்கது எங்க வீட்டு ஆளு," என்றாள்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தைய காலம். தென்காசி ஸ்டூடியோ ஒன்றில் நான் இருட்டறை வேலை பார்த்தேன். அவள் மேலகரத்து இசக்கியம்மாள். செண்பகாதேவி அருவிக்கு மேலே மரம் வெட்டப் போன அவள் புருஷனை முந்தின வருஷச் சாரல் மழையில் வெள்ளம் கொண்டுபோனது ஊருக்கே தெரியும். உடம்பு கிடைக்கவில்லை. அவள் காட்டிய படமும் அந்தக் காட்டில், அவன் போன பிறகு நாங்கள் எடுத்ததுதான்.

படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பிலிமைக் கடையில் கொடுத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுகிறீர்கள். அப்போதெல்லாம் பிலிமுக்குப் பதில் கண்ணாடி பிளேட்தான்; அதிலும் கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பிடிக்கும் இன்ஃப்ராரெட் பிளேட் என்றால் எங்கள் முதலாளி அண்ணாச்சிக்குப் பைத்தியம். அதில் எடுத்துப் பிரிண்ட் போட்டால் பச்சை இலை வெள்ளை வெளேரென்று விழும். மற்ற பிளேட்டுகளைப் போலச் சிவப்பு விளக்கில் கழுவினால் கெட்டுப்போகும். கும்மிருட்டில் விரலை நம்பித்தான் வேலை.

காமிரா ஸ்டாண்டின் கால்களைப் பாறையோடு கயிறு போட்டுக் கட்டிவிடுவோம். காற்று அடங்கும்போது ஒரு பிளேட். காற்று அடிக்கும்போது, லென்ஸை வெகுநேரம் திறந்து வைத்து, இன்னொன்று. இரண்டையும் சேர்த்துப் பிரிண்ட் போடும்போது இலை ஆடாத பிளேட் காகிதத்தை ஒட்டி இருக்கும், ஆடிய பிளேட் அதற்கு மேல். மரமெல்லாம் துல்லியமாக நிற்க, இலைகள் மட்டும் அடுப்புச் சாம்பல் போலப் பறக்கும். அந்தப் படத்தில் மரத்தின் தாழ்ந்த கொப்பு ஒன்று இலையோடு ஆடி, இரண்டு மரங்களுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு வெள்ளையாக விழுந்திருந்தது.

"வார அமாவாசைக்குக் காரியம் வச்சிருக்காங்க அண்ணாச்சி. தாலியக் கழட்டணுமாம்," என்று முதலாளியிடம் சொன்னாள். "இந்தப் படத்தக் குடுங்க. கொழுந்தங்கிட்டக் காட்டிட்டு நான் மேல போயித் தேடுதேன்."

அண்ணாச்சி என்னை உள்ளே இழுத்தார். "ஏலே, ஒண்ணும் சொல்லாத. ஒரு பிரிண்ட் போட்டுக் குடு. அந்த நெனப்புலயாவது அவ கெடக்கட்டும்."

"சாரல்ல தனியா மலையேறுவா அண்ணாச்சி. பாறையெல்லாம் வழுக்குது. இன்னொரு உசுரும் போகணுமா?"

எனக்குக் கோபமான கோபம். இரண்டு பிளேட்டையும் எடுத்துக்கொண்டு போய் ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துக் காட்டினேன்.

"இது காத்தில்லாதப்ப எடுத்தது. யாரும் தெரியுதாங்களா?"

"இல்ல."

"இது காத்தடிக்கையில எடுத்தது. வெள்ளையா இருந்தது இதுல கறுப்பாத் தெரியும். மேல எங்க போயி முடியுதுன்னு பாருங்க."

அவள் விரல் அந்தக் கறுப்பின் மேல் மெதுவாக ஏறியது. தலை என்று அவள் நினைத்த இடத்தையும் தாண்டிப் போய், மரத்தில் முட்டி நின்றது. கையை எடுத்துக்கொண்டாள். ஓவென்று அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"கொப்புதான்," என்றாள்.

பிறகு முதல் பிளேட்டைக் காட்டிச் சொன்னாள்: "அவரு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டதில்ல தம்பி. காரியத்தன்னைக்கு மாலை போட எங்கிட்ட ஒண்ணுமில்ல. ஆளு இல்லாத அந்தக் கண்ணாடியில ஒரு படம் போட்டுத் தாங்க. அவரு போன எடம் அதுதான."

அதன் பிறகு, இரண்டு பிளேட் சேர்த்த படம் என்று கீழே எழுதாமல் நான் எதையும் வாசலில் வைத்ததில்லை. தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். பார்க்கிறவர் எதைத் தேடிக்கொண்டு வருகிறார் என்று நமக்குத் தெரியாது.

அமாவாசையன்று மேலகரம் போனேன். சுவரில் சாத்தியிருந்த படத்தில் மரங்கள் மட்டும் நின்றன. அதற்குப் பெரிய மாலை போட்டிருந்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராக அதன் முன்னால் நின்று கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன்.