சமையல் ஆச்சா?

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா? நீங்க சொல்லுங்க, நான் கேக்கறேன்" என்று எதிரே நிற்கும் பெரியவரைப் பாடம் ஒப்பிக்க வைக்கிறார். அவர் "பின்னாடி" என்றதும் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் காகித உறையில் போட்டு, மேலே ஒரு சூரியனும் ஒரு பிறையும் வரைகிறார். படித்தவர்களுக்கும் இதே படம்தான். "காய்ச்சல்ல எழுத்தெல்லாம் நீச்சலடிக்கும். படம்னா பளிச்சுன்னு தெரியும்."

எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்காரம்மா. ஐம்பதைத் தாண்டியவர். எதிர்ச்சாரி சலூன் வரை குரல் எட்டுவதால் தெருவில் அவருக்கு ஒலிபெருக்கி என்று பெயர். அவரும் கணவரும் மருந்தாளுநர் படிப்பு படித்தவர்கள்தான். ஆனாலும் வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லக் கணவரை விடமாட்டார். "அவர் பாவம் பாத்தே கடையைக் காலி பண்ணிடுவார்."

அந்தக் குரல் தாழ்ந்ததைக் கேட்டவள் என் நாத்தனார்.

அவளுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. கணவர் வெளியூரில் இருக்கிறார். இவளும் மகளும் எங்களோடு. ஒருநாள் வார்டிலிருந்து வந்த விரிப்பை உதறும்போது, மடிப்பில் கிடந்த ஊசி கையுறையைத் துளைத்து விரலில் இறங்கிவிட்டது. யாருக்குப் போட்ட ஊசியோ. சொன்னால் மேற்பார்வையாளர் ஏசுவாரென்று, குழாயில் கையைக் கழுவிவிட்டுச் சும்மா இருந்துவிட்டாள். மறுநாள் பிளாஸ்திரி வாங்கப் போனாள்.

"என்ன குத்துச்சு?"

"தையல் ஊசிக்கா."

"தையல் ஊசிக்கு யாரும் இப்படி வேர்த்துக் கொட்ட மாட்டாங்க. உள்ள வா."

மருந்து அலமாரிக்குப் பின்னால் உட்கார வைத்ததும் இவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "எய்ட்ஸ் வந்துடுமாக்கா?" என்று கேட்டாளாம்.

"ஊசி குத்தின எல்லாருக்கும் எச்.ஐ.வி. வர்றதில்ல. வராம தடுக்கவும் மாத்திரை இருக்கு. மூணு நாளுக்குள்ள ஆரம்பிக்கணும், அதுலயும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நேத்துதானே? கிளம்பு."

கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு, அவசரப் பிரிவுக்குக் கையோடு அழைத்துப் போனார். மருத்துவர் ரத்தப் பரிசோதனை செய்து, நான்கு வாரத்துக்கு மாத்திரை எழுதினார். திரும்பும் வழியில் கடைக்காரம்மா, "வேற என்ன மாத்திரை போடறே?" என்று துருவினார். இரும்புச்சத்து மாத்திரை என்றாள். "ரெண்டையும் ஒண்ணா விழுங்கிடாதே. இரும்பு அந்த மாத்திரையோட வேலையைக் கெடுக்கும்" என்று தனித்தனி வேளை குறித்துக் கொடுத்தார்.

அதன்பிறகு தினமும் சாப்பாட்டு நேரத்தில் தொலைபேசி வரும். "சமையல் ஆச்சா?" என்றால் மாத்திரை போட்டாயா என்று அர்த்தம். "உப்பு கூடிடுச்சுக்கா" என்றால் குமட்டுகிறது என்று அர்த்தம். பக்கத்திலிருந்த எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஊரார் வீட்டு அடுப்பைப் பற்றி இந்த அம்மாவுக்கு என்ன இவ்வளவு அக்கறை என்று முணுமுணுத்திருக்கிறேன்.

இரண்டாவது வாரம் இவள் விட்டுவிடப் பார்த்தாள். "போதும்க்கா, என்னால முடியல."

"பாதி ஆத்துல நின்னுகிட்டுத் திரும்பறேங்கறியே. திரும்பினாலும் அதே தண்ணிதான். ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போடு."

போட்டாள். கடைசிப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை என்று வந்த பிறகுதான் என்னிடம் வாய் திறந்தாள். இதை எழுது என்றவளும் அவள்தான். நான் கடைக்கு ஓடி நன்றி சொன்னேன். "எதுக்கு? உங்க வீட்டுக்கு நான் ஒண்ணும் பண்ணலியே" என்று என்னைத் தாண்டிப் பார்த்து, "அடுத்தது யாரு?" என்றார் அம்மா.

மாத்திரையையும் தொலைபேசியையும்விட நாத்தனார் அடிக்கடி சொல்வது ஒரு மதிய வேளையைப் பற்றி. மாத்திரை பாதி முடிந்திருந்த சமயம், கடையில் ஆளில்லை. மகளுக்குத் தலை பின்னுவதை நிறுத்திவிட்டதாக அவரிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

"தொட்டா ஒண்ணும் ஆகாதுன்னு அன்னிக்கே சொன்னேனே."

"சொன்னீங்க. புத்திக்குப் புரியுது. கை போக மாட்டேங்குதுக்கா."

அம்மா ஸ்டூலை இழுத்து அவள் முன்னால் போட்டார். முதுகைக் காட்டி உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்து, நரையோடிய கூந்தலை அவள் மடியில் சரியவிட்டார்.

"ம், பின்னு."