தூக்கிய கை

எட்டுக் கால்பந்துப் பருவங்கள் அவன் முதுகைப் பார்த்தபடியே விளையாடினேன். கீழ்மட்ட லீக்கில் எங்கள் குழு. அவன் தற்காப்பு ஆட்டக்காரன், அவனுக்குப் பின்னால் கோல் காவலனாக, கோலியாக, நான். ஓட்டம் என்று சொல்ல அவனிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் எதிரணிக்காரன் பந்தை எந்தப் பக்கம் தள்ளப் போகிறான் என்பது அந்த ஆளுக்கே தெரிவதற்கு முன் இவனுக்குத் தெரிந்துவிடும். பகலெல்லாம் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டிவிட்டு, மாலைப் பயிற்சிக்கு முதல் ஆளாக வந்து நிற்பான்.

அவனிடம் ஒரு பழக்கம். எதிரணிக்காரன் எங்கள் வரிசையைத் தாண்டி முன்னமே போய் நின்றால், ஆஃப்சைடு என்று வலது கையைத் தூக்குவான். உடனே நாங்கள் எல்லோரும் நின்றுவிடுவோம். நடுவரின் விசிலைவிட அந்தக் கையைத்தான் நம்பினோம். விசிலும் பின்னாலேயே வரும்.

ஒரே ஒருமுறை வரவில்லை. லீக்கில் நீடிப்போமா என்று முடிவாகும் கடைசி ஆட்டம் அது. கை எழுந்தது, நான் நின்றேன், பந்து என்னைத் தாண்டி உருண்டு போனது. "கோலி தூங்கிட்டான்" என்று ஊரே பேசியது. குழு கலைந்தது. அவன் லைன்ஸ்மேனைத் திட்டினான். எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாண வீட்டில்கூட என்னைப் பார்த்து, "முழிச்சிருக்கியா?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

அப்படியிருந்தும், கோலா சிலாங்கூர் பக்கம் தோட்டத்துப் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க அவன் கூப்பிட்டதும், செரண்டாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய் நின்றேன். மானங்கெட்டவன் என்று என்னையே ஏசிக்கொண்டுதான் போனேன். ஆனால் அவன் வேலை அப்படி. பயிற்சிக்கு வராத பிள்ளையின் வீட்டுக்கே போய், அம்மாவிடம் பேசி அழைத்து வருவான். பந்தை விரட்டாதே, ஆளின் இடுப்பைப் பார் என்பதை நூறு தடவை சொல்லிக் கொடுப்பான், ஒரு தடவைகூடக் கத்த மாட்டான். கோலிகளை நான் பார்த்துக்கொண்டேன்.

போன வருடம் சபாக் ஊரில் எங்கள் பிள்ளைகளுக்கு அரையிறுதி ஆட்டம். கடைசி நிமிடங்கள், சமநிலை. எதிரணிப் பெண் பந்தோடு புகுந்தாள். கோட்டோரம் நின்றிருந்த இவன் கை, பழக்கதோஷத்தில், எழுந்துவிட்டது. எங்கள் பிள்ளைகள் நின்றார்கள். கோலியும் நின்றாள். விசில் வரவில்லை, கோல் விழுந்தது.

ஆட்டம் முடிந்ததும் ஒரு பிள்ளையின் தகப்பனார் திடலுக்குள் வந்து கத்தினார். "என்னம்மா கோலி நீ, மரம் மாதிரி நின்னுட்டே!"

அவள் கையுறையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் வாய் திறப்பதற்குள் அவன் குறுக்கே வந்து நின்றான்.

"அண்ணே, புள்ளைய ஏசாதீங்க. நான் கைய தூக்கினேன், அது நின்னுச்சு. தப்பு என்னோடது லா."

பிறகு என் பக்கம் கையைக் காட்டினான். "இவனும் அப்படித்தான் நின்னான். அன்னிக்கு அது ஆஃப்சைடு இல்ல. தூக்கும்போதே எனக்குத் தெரியும். ஓடிப் புடிக்க முடியல, அதான் தூக்கிட்டேன்."

அவனை ஏசப் பன்னிரண்டு வருடமாக எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். "இப்பதான் வாய் வந்துச்சா ஒனக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

அந்தப் பெண் முகத்திலிருந்து கையுறையை இறக்கினாள். "நீங்களும் நின்னீங்களா கோச்?"

"ஆமாம்மா, நின்னேன்" என்றேன். முதல் தடவையாக அதை வெட்கப்படாமல் சொன்னேன்.