பானுமதி போட்ட பூஜ்யம்

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் பானுமதி நெற்றியிலிருக்கும் ஸ்டிக்கர் பொட்டை உரித்து எடுப்பாள். கணினித் திரையின் வலது ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. ஓட்டுப் போட்ட உறுப்பினர் எந்தக் கட்சி என்பதை ஒரே எழுத்தில் சொல்லும் கட்டம். பொட்டை அதன்மேல் ஒட்டிக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்துவாள். அதற்குப் பிறகுதான் மூக்குக் கண்ணாடி. எந்த வரியைத் திறந்தாலும் கட்சி எழுத்து அதே இடத்தில்தான் வரும் என்பதால் பொட்டை நகர்த்த வேண்டியதில்லை. மாலை ஐந்து மணிக்கு அது நெற்றிக்குத் திரும்பிவிடும்.

"கட்சியப் பாத்தா கை தானா ஓடிடும்ங்க. அப்பறம் என்னாத்துக்குப் படிக்கறது?" என்பாள்.

பென்னாகரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், உரக்கடை மாடியில் ஆறு கணினிகள், ஆறு பெண்கள். யூரியா வாடை படியேறி வந்து துப்பட்டாவில் தங்கிவிடும். அமெரிக்காவில் ஐம்பது மாநிலங்கள், மாநிலத்துக்கு ஒரு சட்டமன்றம். எந்த மசோதாவுக்கு யார் ஆமென்றார், யார் இல்லையென்றார் என்று வரி வரியாக இங்கே வந்து சேரும். ஒவ்வொரு ஓட்டும் எவ்வளவு கன்சர்வேடிவ் என்று இந்தப் பெண்கள் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். முழுக்க அந்தப் பக்கம் என்றால் கூட்டல் இரண்டு. முழுக்க எதிர்ப்பக்கம் என்றால் கழித்தல் இரண்டு. அதை வைத்து அங்கே யாரோ உறுப்பினர்களை வரிசைப்படுத்துகிறார்கள். யார், எதற்கு என்பது பென்னாகரத்துக்குத் தெரியாது.

பானுமதிக்கு வயது ஐம்பத்திரண்டு. தனியார் பள்ளியில் இருபது வருடம் சமூக அறிவியல் நடத்தியவள். சர்க்கரை உண்டு. காலைத் தொங்கப்போட்டால் மாலையில் கணுக்கால் வீங்கும் என்பதால், கீழே உரக்கடையில் ஒரு பலகை கேட்டு வாங்கி மேசைக்கு அடியில் போட்டிருக்கிறாள். சொன்னதைச் செய்கிற நோயாளி. அந்த வகை அபூர்வம். கணவர் மாதவராஜ் ஒகேனக்கல் தடத்தில் மினி பஸ் ஓட்டுகிறார்.

பக்கத்துக் கணினி சுகுணாவுடையது. சேர்ந்த புதிதில் அவள் ஒரு காரியம் செய்தாள். நூறு வருடத்துப் பழைய கோர்ட்டுக் கட்டடத்தை இடிக்காமல் செப்பனிடச் சொல்லும் மசோதா ஒன்று வந்தது. ஆமென்ற அத்தனை பேருக்கும் கூட்டல் இரண்டு போட்டுவிட்டாள்.

"பழச விடாதவங்கதான கன்சர்வேடிவ்? நீங்கதானக்கா அர்த்தம் சொன்னீங்க."

"பழசுன்னா பழைய செங்கல்லு இல்ல சுகுணா. வரியக் கொற. செலவக் கொற. துப்பாக்கிய விடு. எங்கூட்டு வாசல்ல கவர்மென்ட்டு வந்து நிக்காத. இதெல்லாம் கூட்டல்."

"வாசல்ல நிக்கக் கூடாது, கருவக் கலைக்காதன்னு பிரசவ ரூம்புல மட்டும் வந்து நிக்கலாமாக்கா?"

"அங்க ரெண்டு உசுரு இருக்குதுன்னு அவங்க நெனைக்கறாங்க. உசுருன்னு வந்தா கவர்மென்ட்டு வரணும்ங்கறாங்க. ஏமாத்தறாங்கன்னு சொல்லாத, நம்பறாங்க. நம்ம வேல மார்க்கு. தீர்ப்பு இல்ல."

உறுப்பினர்கள் அவையில் பேசுவதைப் பானுமதி கணக்கில் எடுக்கவே மாட்டாள். கிராமத்து ஆஸ்பத்திரிகளை மூடக் கூடாது என்று அவையில் அழுத உறுப்பினர் ஒருவர், அதற்கான மசோதாவில் இல்லை என்று அழுத்தியிருந்தார். செலவு என்றாலே சீறுகிற இன்னொருவர் ஆமென்று அழுத்தியிருந்தார். "வாய விடு. பொத்தான் எங்க அமுந்துச்சு, அதப் பாரு. நாப்பது ஓட்டு பாக்காம ஒரு ஆளத் தெரியாது."

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சுகுணா அவளுக்கே மதிப்பெண் போட்டாள்.

"மிக்ஸி இருக்க ஆட்டுக்கல்லுல மாவு ஆட்டறீங்க. கூட்டல் ரெண்டு. பொண்ண அமெரிக்காவுக்குக் கட்டிக் குடுத்தீங்க. கழித்தல் ஒண்ணு. மாமியார எதுத்துக்கினு ஸ்கேனுக்குப் போவ மாட்டேன்னீங்களே, அது எந்தப் பக்கம்க்கா?"

"அதுக்குக் குறிப்புல எடமில்ல. சோத்தத் தின்னு."

இருபத்தெட்டு வருடத்துக்கு முந்தைய கதை அது. இந்த மாவட்டத்தில் வயிற்றோடு ஸ்கேன் அறைக்குள் போனவர்கள், பெண் என்று காதில் விழுந்ததும் வெறும் வயிற்றோடு திரும்பிய காலம். "பொட்டப்புள்ளைன்னா பாத்துக்கலாம்" என்று மாமியார் செல்லி ஜாடையாகச் சொல்லிவிட்டு, வாசலில் ஆட்டோவை நிறுத்தினார். பானுமதி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அன்று மாலை வரை திறக்கவில்லை. பிறந்தவள் வெண்மதி.

அதனால் கருக்கலைப்பைத் தடுக்கும் மசோதாக்கள் வரும்போது அவள் விரல் தயங்கியதில்லை. கூட்டல் இரண்டு போட்டுவிட்டு, மனசுக்குள் 'சரிதான்' என்று ஒரு சொல்லும் சொல்லிக்கொள்வாள். அந்தச் சொல்லை யாரிடமும் சொன்னதில்லை.

வெண்மதி இப்போது அமெரிக்காவின் தென்பக்கத்து மாநிலம் ஒன்றில் இருக்கிறாள். கணவன் சிவக்குமாருக்கு அங்கே வேலை. அவளுக்கு இது இருபதாவது வாரம். போன ஞாயிற்றுக்கிழமை பனிக்குடம் உடைந்துவிட்டது.

இருபது வாரத்தில் பனிக்குடம் உடைந்தால் பிள்ளை தங்காது. டாக்டர்கள் அதை மறைக்கவில்லை. ஆனால் பிள்ளைக்கு இதயத் துடிப்பு இருக்கிறது. துடிப்பு இருக்கும்வரை, தாயின் உயிருக்கு ஆபத்து என்று ஆகாமல் கருவை எடுக்கக் கை வைக்க அந்த மாநிலத்துச் சட்டம் விடாது. ஆபத்து என்று எப்போது சொல்வது? காய்ச்சல் கண்டால் சொல்லலாம் என்றார் ஆஸ்பத்திரி வக்கீல். அடுத்த மாநிலத்துக்குக் கூட்டிப் போகலாமா என்று சிவக்குமார் இரண்டு முறை கேட்டான். ஒன்பது மணி நேரச் சாலை. வழியில் ஏதாவது ஆனால் யாரும் பொறுப்பில்லை என்றார்கள்.

பனிக்குடம் உடைந்தபின் ஒவ்வொரு மணி நேரமும் கிருமிக்குத் திறந்து வைத்த கதவு. பார்க்க வேண்டியவை உடல்சூடு, நாடி, கசியும் நீரின் வாடை, குளிர் நடுக்கம். பானுமதி இரண்டே நாளில் இதைக் கற்றுக்கொண்டாள். எப்படி இருக்கிறாய் என்று மகளைக் கேட்பதை நிறுத்திவிட்டாள். மருமகனுக்கு "எவ்ளோ?" என்று மட்டும் அனுப்புவாள். 98.9 என்று வரும். 99.1 என்று வரும்.

திங்கட்கிழமை வெண்மதியே கூப்பிட்டாள். குரல் தெளிவாக இருந்தது. இந்த நிலையில் தெளிவான குரலை நம்பக் கூடாது.

"அம்மா, இந்தச் சட்டத்தை மாத்திட்டாங்கன்னு ஒரு நர்ஸம்மா சொல்றாங்க. நெசமா?"

"நெசந்தான் கண்ணு. நாந்தான் அதுக்கு மார்க்குப் போட்டேன். பனிக்குடம் ஒடஞ்சா காய்ச்சலுக்குக் காத்திருக்க வேணாம்னு மாத்திட்டாங்க. பெரும்பாலும் எல்லாரும் ஆமான்னுதான் போட்டிருந்தாங்க. உங்கூரு உறுப்பினரும் ஆமாதான்."

"அப்பறம் ஏம்மா இவங்க காத்திருக்காங்க?"

"செப்டம்பர் ஒண்ணாந் தேதிலருந்துதான் செல்லும்."

"இன்னிக்கு என்னா தேதிம்மா?" என்றாள் வெண்மதி.

ஆகஸ்ட் இருபத்தைந்து. மகளுக்கும் தெரியும்.

அதன் பிறகுதான் பானுமதிக்குப் பயம் வேறு இடத்தில் பிடித்தது. சட்டத்தை அன்றைக்கே அமலுக்குக் கொண்டுவரத் தனியாக ஓர் ஓட்டு நடந்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது. அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். இரண்டு ஓட்டுக் குறைந்து போய்விட்டது. மதிப்பெண் குறிப்பின் முப்பத்தோராம் பக்கம் சொல்கிறது: எப்போது அமலுக்கு வரும், அவை எத்தனை மணிக்குக் கலையும், யார் முதலில் பேசுவது ஆகியவை நடைமுறை ஓட்டுகள், அவற்றில் கருத்து இல்லை, பூஜ்யம் போடவும். நூற்று நாற்பத்தெட்டு வரிகள். மேசையில் வைத்த டீ ஆறுவதற்குள் அத்தனைக்கும் பூஜ்யம் போட்டு முடித்திருந்தாள்.

வியாழக்கிழமையும் வேலைக்குக் கிளம்பினாள். "வூட்டுல உக்காந்திருந்தா சுவரே பேசுது" என்று மாதவராஜிடம் சொன்னாள். அவர் மினி பஸ்ஸில் முன் இருக்கையைத் துடைத்துக் கொடுத்தார். செல்லி வாசல்வரை வந்தார். அன்று ஆட்டோவை நிறுத்திய அதே செல்லி. இந்த நான்கு நாளும் பேத்திக்காகச் சோறு தொடவில்லை.

"புள்ள ஆஸ்பத்திரில கெடக்கறா. இன்னிக்காவது நெத்தியக் காலியா வெச்சுக்கினு உக்காராத ஆத்தா."

"சரிங்க அத்த" என்றாள்.

உட்கார்ந்ததும் கை நெற்றிக்குப் போனது. ஒரு நிமிடம் அங்கேயே நின்றது. பிறகு பொட்டை உரித்துத் திரையில் ஒட்டினாள். அன்றைய வேலையைத் திறக்கவில்லை. மே மாதத்துக் கோப்பைத் திறந்து, வெண்மதி இருக்கும் ஊரின் உறுப்பினர் வரிக்குப் போனாள். சட்டத் திருத்தத்துக்கு ஆம். உடனே அமலாக்க இல்லை. அந்த 'இல்லை'க்குப் பக்கத்தில் அவள் போட்ட பூஜ்யம்.

சுகுணா எழுந்து வந்து பின்னால் நின்றாள். "மாத்திடுங்கக்கா."

"என்னன்னு மாத்தறது? கூட்டலா, கழித்தலா? சொல்லு, போடறேன்."

சுகுணா குனிந்து அந்த வரியை மறுபடி படித்தாள்.

"இந்தாளு மாத்தத்துக்கு ஆமான்னாரு. அவசரமா வேணாம்னாரு. எந்தச் சட்டமும் நெதானமா வரணும்ங்கறது அவரு கொள்கையா இருக்கும். அவரோட மத்த ஓட்டெல்லாம் பாத்துட்டேன், எல்லாத்துலயும் அப்பிடித்தான் போட்டிருக்காரு. எம்பொண்ணு மேல அவருக்கு என்னா கோவம்?"

"அப்பறம் ஏங்க்கா அந்த வரிய விட்டு நகர மாட்டேங்கறீங்க?"

பானுமதி விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். "நூறு தாண்டக் கூடாதுன்னு வேண்டறேன் சுகுணா. தாண்டலைன்னா ஒண்ணாந் தேதி வரைக்கும் தொறந்து வெச்ச கதவாட்டம் கெடப்பாளேன்னு, தாண்டட்டும்னும் வேண்டறேன். எந்தச் சாமிக்குப் புரியும் இது?"

பத்து மணி பத்து நிமிடத்துக்கு 100.2 என்று வந்தது. 'டாக்டர் இன்னும் பார்க்கலாம் என்கிறார்' என்று சிவக்குமார் எழுதியிருந்தான். பிறகு செய்தி இல்லை. "எவ்ளோ?" என்று அனுப்பினாள். பத்து நிமிடம் கழித்து மறுபடி அனுப்பினாள். கீழே யாரோ உர மூட்டைகளை இறக்கினார்கள். ஒவ்வொரு மூட்டை விழும்போதும் மேசைமேல் தொலைபேசி அசைந்தது, ஒவ்வொரு முறையும் அவள் அதைப் பார்த்தாள். மற்ற நான்கு பெண்களும் தட்டச்சை நிறுத்தியிருந்தார்கள். ஒருத்தி மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டாள், ஏன் என்று அவளுக்கே தெரியாது.

பதினொன்று இருபதுக்கு வந்தது. 101.6. நாடி 124. ஒரு மணி நேரமாகக் குளிர் நடுக்கம். உள்ளே கொண்டு போகிறார்கள்.

கை வைக்க அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் நூற்றிருபதைத் தாண்டிய நாடி நல்ல செய்தி அல்ல. காய்ச்சலும் நடுக்கமும் அதோடு சேர்ந்தால், கிருமி இரத்தத்துக்குப் போய்விட்டதா என்பதுதான் கேள்வி. பானுமதிக்கு இது தெரியாது என்று சொல்ல ஆசைதான். தெரியும். சுகுணா கேட்டதற்கு, "கூட்டிட்டுப் போறாங்களாம்" என்று மட்டும் சொன்னாள்.

கையை நீட்டித் திரையிலிருந்த பொட்டை உரித்தாள். அடியிலிருந்த எழுத்து சுகுணாவுக்குத் தெரிந்தது. பானுமதி பார்க்கவில்லை, கண்ணை மூடியிருந்தாள். பொட்டை நெற்றியில் வைத்து அழுத்தினாள். திரைச் சூட்டில் பசை காய்ந்திருந்தது, விழுந்துவிட்டது. மடியிலிருந்து பொறுக்கி மறுபடி வைத்தாள். நிற்கவில்லை. மூன்றாம் முறை வைத்தபோது விரலை எடுக்காமல் அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு மணிக்குச் சுகுணா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முன்னால் நகர்த்தினாள். பானுமதி இடது கையால் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, தொலைபேசியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். வலது கை நெற்றியை விட்டு இறங்கவில்லை.